மென்களிமண்ணுக்கு நடத்தை மாதிரி அமைப்பது எப்படி: சாம்பிளிலிருந்து கணக்கீடு வரை

தமிழில் ‘மாதிரி’ என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறது. துளையிட்டு எடுத்து வந்த மண்ணையும் மாதிரி என்கிறோம். அந்த மண் தகைவுக்கு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசைக்கு) உள்ளாகும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் சமன்பாடுகளின் தொகுப்பையும் மாதிரி என்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வதுபோல் குழாயில் வருவதைச் சாம்பிள் என்றும், சமன்பாடுகளை மட்டுமே மாதிரி என்றும் இங்கே எழுதுகிறேன்.

கட்டுமானப் பொறியியல் படித்து முடித்து, முதன்முறையாக ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் (மண்ணை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்துக் கணக்கிடுவது) ஓர் ஆழமான பள்ளத்தைக் கணக்கிட உட்காரும் ஒருவரை மனத்தில் வைத்துத்தான் இந்த வழிமுறையை எழுதுகிறேன். அவரிடம் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பள்ளத்தைக் கணக்கிடுவதற்கு முன், தேர்ந்தெடுத்த மாதிரியைக் கொண்டு ஆய்வுக்கூடச் சோதனையை மறுபடி நடத்திப் பாருங்கள். அந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் விடுவதால் வரும் பிழையை, எவ்வளவு நுணுக்கமான வலைப்பின்னல் அமைத்தாலும் பின்னால் திருத்த முடியாது.

எடுத்துக்காட்டாக ஒரு மண்ணை வைத்துக்கொள்வோம். தரைமட்டத்திலிருந்து மென்களிமண், நிலத்தடி நீர் தரைமட்டத்திலேயே நிற்கிறது, 10 மீட்டர் ஆழத்தில் எடுத்த சாம்பிளின் நீரளவு 65 விழுக்காடு, மண்துகள்களின் ஒப்படர்த்தி 2.70, உராய்வுக் கோணம் 24 பாகை. இந்த எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை; ஆயினும் கடலோர மென்களிமண்ணில் வழக்கமாகக் காணும் அளவுகளுக்கு உட்பட்டவையே.

நீர் வடியுமா, வடியாதா

மாதிரியின் பெயரைத் தேடுவதற்கு முன் விடை தெரிய வேண்டிய கேள்வி இது. மண்துகள்களின் கூட்டுக்கு உண்மையில் போய்ச் சேரும் தகைவு, மொத்தத் தகைவிலிருந்து துளைநீர் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பதாகும். இதைப் பயனுறு தகைவு என்கிறோம். கார்ல் டெர்சாகி 1920களில் நிலைநாட்டிய இந்தக் கருத்தின் மீதுதான் மண் இயக்கவியல் முழுவதும் நிற்கிறது. மண்ணின் வலிமையும் கன அளவு மாற்றமும் பயனுறு தகைவையே பின்பற்றுகின்றன. எனவே வேலை நடக்கும் காலத்துக்குள் துளைநீர் வெளியேற முடியுமா என்பதைப் பொறுத்து அதே மண் இரண்டு வேறு மண்களைப்போல் நடந்துகொள்ளும்.

இதைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது. நீர் வடிய வடிய மண் சுருங்குவதை இறுகல் என்கிறோம்; அதன் வேகத்தைச் சொல்லும் இறுகல் கெழு ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றும், நீர் வெளியேற வேண்டிய மிக நீண்ட வழி 5 மீட்டர் என்றும் கொண்டால், இறுகல் 90 விழுக்காடு முடிய 0.848 × 25 ÷ 1, அதாவது ஏறத்தாழ 21 ஆண்டுகள் ஆகும். ஆறு மாதத்தில் முடியும் பள்ளத்துக்கு இந்தக் களிமண் நீர்வடியா நிலையில் இருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. நடுவில் மெல்லிய மணற்படுகைகள் இருந்தால் வடிகால் வழி 5 மீட்டரிலிருந்து அரை மீட்டராகக் குறைந்துவிடலாம். வழியின் நீளம் இருமடிப் பெருக்கமாக வருவதால் 21 ஆண்டுகள் சுமார் இரண்டரை மாதமாகச் சுருங்கிவிடும். துளையிடல் பதிவேட்டில் ‘இடையிடையே மணல்’ என்று ஒரு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கரை எழுப்புவதும் பள்ளம் தோண்டுவதும் இந்த வகையில் எதிரெதிரானவை. கரையின் எடை ஏறியவுடன் துளைநீர் அழுத்தம் உயர்கிறது. நாளாக ஆக நீர் வடிந்து மண் வலுப்பெறுகிறது. எனவே ஆபத்தான காலம் கட்டுமானத்தின் முடிவு. பள்ளத்தில் சுமை நீங்குவதால் துளைநீர் அழுத்தம் குறைந்து மண்ணைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கிறது. நாளாக ஆக நீர் உள்ளே வந்து மண் உப்பி வலுவிழக்கிறது. மழைக்காலத்தில் வேலை நின்றுபோய்த் திறந்தே கிடக்கும் பள்ளத்துக்கு, நீர்வடியும் நிலைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

எஃகுக்குப் பழகிய கண்ணுக்கு

கட்டமைப்புப் பொறியாளர்கள் மண் மாதிரிகளைக் கண்டு தடுமாறுவதற்குக் காரணம், அவர்கள் பழகிய எஃகு இரண்டு வகையில் மண்ணிலிருந்து வேறுபடுவதே. எஃகைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்தினால் அதன் மீட்சி எல்லை நடைமுறையில் மாறுவதில்லை. ஆகவேதான் டிரெஸ்காவும் 1913இல் ஃபான் மிசஸும் தந்த விதிகளில் சராசரித் தகைவுக்கு இடமே இல்லை. மண்ணின் வலிமையோ அந்தச் சராசரி அழுத்தத்திலிருந்தே பிறக்கிறது. கான்கிரீட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தூணைச் சுற்றி நெருக்கமாக வளையக் கம்பி கட்டுவது அந்தப் பக்கவாட்டு அழுத்தத்தைப் பெறுவதற்காகத்தான்.

இரண்டாவது வேறுபாடு, வடிவம் மாறும்போது மண்ணின் கன அளவும் மாறுவது. கடற்கரையில் அலை திரும்பிய ஈர மணலில் காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளிறி உலர்ந்ததுபோல் தெரியும். நெருக்கமாக அமைந்திருந்த மணற்துகள்கள் நகரும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டியிருப்பதால் இடைவெளி பெருகி, மேற்பரப்பு நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். மென்களிமண்ணில் நடப்பது இதற்கு நேர்மாறு. அது வடிவம் மாறும்போது சுருங்க முயல்கிறது. நீர் வெளியேற வழியில்லாவிட்டால் சுருங்க முடியாத அந்த முயற்சி துளைநீர் அழுத்தமாக உயர்ந்து, பயனுறு தகைவைத் தின்றுவிடுகிறது. இனிச் சொல்லப்போவது முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விளைவுதான்.

எந்த மாதிரி

மென்பொருளின் பட்டியலில் பத்துக்கு மேல் பெயர்கள் இருக்கும். பெரும்பாலோர் கை தானாகப் போவது மோர்-கூலோம் மாதிரிக்கு. ஏனெனில் பிணைப்பு வலிமை, உராய்வுக் கோணம், யங் குணகம், பாய்சான் விகிதம், விரிவுக் கோணம் என்ற ஐந்து எண்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. கூலோம் தம் ஆய்வை 1773இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அளித்தார். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கும் விதி அது. மண் எப்போது உடையும் என்பதை அது நன்றாகச் சொல்லும். ஆனால் உடைவதற்கு முன் மண் ஒரே விறைப்புள்ள மீட்சிப் பொருளாக இருக்கிறது என்று அது கொள்கிறது. சுமை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே விறைப்பு என்பதால், பள்ளத்தின் அடித்தரை மிகையாக மேலெழும்பியதாகக் காட்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைப் பின்னால் எண்களோடு காட்டுகிறேன்.

மென்களிமண்ணுக்கு நான் முதலில் எடுப்பது திருத்திய கேம் களிமண் மாதிரி. கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு, ராத் ஆகிய மூவரும் 1958இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்து, 1968இல் ரோஸ்கோவும் பர்லண்டும் திருத்திய வடிவம் இது. கேம்பிரிட்ஜ் ஊரின் ஊடே ஓடும் கேம் ஆற்றின் பெயரைத் தாங்கியது. இதன் அடிப்படைக் கருத்து அழகானது. ஒரு களிமண் எவ்வளவு அழுத்தத்தை இதுவரை கண்டிருக்கிறது என்பதை ஒரு நீள்வட்டத்தின் அளவு நினைவில் வைத்திருக்கிறது. நீள்வட்டத்துக்குள் மண் மீட்சியோடு நடந்துகொள்கிறது. அதைத் தொட்டதும் மீளாத் திரிபு தொடங்கி நீள்வட்டமே வளர்கிறது. போதுமான அளவு வடிவம் மாறியபின் தகைவும் கன அளவும் மேலும் மாறாமல் வடிவம் மட்டும் மாறிக்கொண்டே போகும் மாறுநிலைக்கு மண் வந்து சேர்கிறது. இதற்கு வேண்டியவையும் ஐந்தே எண்கள்: லாம்டா (அழுத்தம் ஏறும்போது மண் அமுங்கும் சரிவு), காப்பா (அழுத்தம் இறங்கும்போது மீளும் சரிவு), மாறுநிலைச் சரிவான எம் (மாறுநிலையில் தகைவு வேறுபாட்டைச் சராசரித் தகைவால் வகுத்தது), பாய்சான் விகிதம், முன்னிறுக்க அழுத்தம் (மண் இதுவரை கண்ட மிக உயர்ந்த அழுத்தம்).

மணலுக்கும், விறைத்த களிமண்ணுக்கும், கட்டடங்களுக்கு அருகில் மில்லிமீட்டர் கணக்கில் அசைவைச் சொல்ல வேண்டிய இடத்துக்கும் வேறு மாதிரிகள் பொருந்தும். கடினமாகும் மண் மாதிரியும், சிறு திரிபுகளில் விறைப்பு பல மடங்கு உயர்ந்திருப்பதைக் கணக்கில் கொள்ளும் அதன் விரிவும் அப்படிப்பட்டவை. ஆனால் அவற்றுக்கு வேண்டிய எண்களை அளக்காமல், கையேட்டில் உள்ள இயல்பு மதிப்புகளை நிரப்பிவிட்டு உயர்ந்த மாதிரியைப் பயன்படுத்தியதாக அறிக்கையில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அளந்த ஐந்து எண்கள், ஊகித்த பதினைந்தைவிட நம்பத் தக்கவை.

சாம்பிளைப் பாருங்கள்

கணக்கிடுபவர் ஒருமுறையாவது ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் குழாயிலிருந்து மண் வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் களிமண் மெல்ல வெளியே தள்ளப்படும்போது பளபளவென்று இருக்கும். கம்பி வாளால் நீள்வாக்கில் அறுத்துப் பிரித்தால் உள்ளே சிப்பித் துண்டுகளும், நூலளவு வண்டல் கோடுகளும், சேற்றின் வாடையும் தெரியும். குழாய்ச் சுவரை ஒட்டியிருந்த ஓரத்தில் அந்தக் கோடுகள் கீழ்நோக்கி வளைந்திருந்தால், குழாய் இறங்கும்போது மண் கலைந்திருக்கிறது என்று பொருள். அந்த ஓரத்தைச் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியிலிருந்துதான் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

ஒருமுறை என் கைக்கு வந்த குழாய்களில் மெழுகு அடைப்பு வெடித்திருந்தது. வெயிலில் நாள்கணக்கில் கிடந்து, மேல் பகுதி விரலால் அழுத்த முடியாத அளவுக்குக் காய்ந்துபோயிருந்தது. அதிலிருந்து சோதித்தவர் முன்னிறுக்க அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். உலரும் களிமண்ணில் துளைநீர் இழுவிசை மண்ணைத் தானே இறுக்கிவிடும். அவர் அளந்தது களத்தில் மண் கண்ட அழுத்தத்தை அல்ல, வெயில் கொடுத்த அழுத்தத்தை. நீரளவை எழுதியிருந்தால் அந்தக் கணமே தெரிந்திருக்கும்.

நீரளவு கொண்டு செய்யும் ஒரு சரிபார்ப்பை எப்போதும் செய்கிறேன். நீர் நிறைந்த மண்ணில் வெற்றிட விகிதம் (இடைவெளியின் கன அளவைத் துகள்களின் கன அளவால் வகுத்தது) என்பது நீரளவையும் ஒப்படர்த்தியையும் பெருக்கியது. நம் எடுத்துக்காட்டில் 0.65 × 2.70 = 1.755. இதே மண்ணை ஓடோமீட்டரில் (பக்கவாட்டில் விரிய விடாமல் மேலிருந்து அமுக்கும் கருவி) வைத்து, அது தரைக்கடியில் சுமந்திருந்த செங்குத்துப் பயனுறு தகைவு வரை மீண்டும் ஏற்றும்போது வெற்றிட விகிதம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அந்தக் குறைவைத் தொடக்க வெற்றிட விகிதத்தால் வகுத்தால் வருவது 0.04க்குக் கீழே இருந்தால் மென்களிமண்ணுக்கு அது மிக நல்ல சாம்பிள்; 0.07ஐத் தாண்டினால் மோசமான சாம்பிள், அதிலிருந்து முன்னிறுக்க அழுத்தத்தையும் விறைப்பையும் எடுக்கக் கூடாது.

எண்களை எடுத்தல்

ஓடோமீட்டர் சோதனையில் சுமையை ஒவ்வொரு நாளும் இரட்டிப்பாக்கிக்கொண்டு போகிறோம். நம் சாம்பிள் 100 கிலோபாஸ்கலில் 1.62 வெற்றிட விகிதமும் 200 கிலோபாஸ்கலில் 1.44 வெற்றிட விகிதமும் காட்டியதாகக் கொள்வோம். குறைவு 0.18. இதைப் பத்தடிமான மடக்கையில் 2க்கு உரிய 0.301ஆல் வகுத்தால் 0.60 என்ற அமுக்கக் குறியீடு கிடைக்கும். இயல் மடக்கையில் 2க்கு உரிய 0.693ஆல் வகுத்தால் 0.26 என்ற லாம்டா கிடைக்கும். அதேபோல் 800இலிருந்து 200 கிலோபாஸ்கலுக்குச் சுமையை இறக்கும்போது வெற்றிட விகிதம் 0.048 மீண்டால், 4இன் இயல் மடக்கையான 1.386ஆல் வகுத்துக் காப்பா 0.035 என்று பெறலாம். ஓடோமீட்டரில் சுமை இறங்கும்போது பக்கவாட்டுத் தகைவின் விகிதமும் மாறுவதால் இந்தக் காப்பா தோராயமானதே. முடிந்தால் ட்ரையாக்சியலில் (உருளை வடிவ மண்ணைச் சுற்றிலும் அழுத்தி, மேலிருந்தும் அமுக்கும் கருவி) எல்லாப் பக்கமும் சமமாகச் சுமை இறக்கி அளந்தது மேல்.

இங்கே அடிக்கடி நிகழும் இரண்டு தவறுகளைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கையில் உள்ள 0.60ஐ அப்படியே லாம்டாவாக உள்ளிடுவது முதல் தவறு, மண் 2.3 மடங்கு அதிகமாக அமுங்கும் பொருளாகிவிடும். சில மென்பொருள்கள் லாம்டாவைக் கேட்காமல் அதை ஒன்றுடன் வெற்றிட விகிதத்தைக் கூட்டி வகுத்த திருத்திய லாம்டாவைக் கேட்கின்றன. நம் மண்ணுக்கு அது 0.26 ÷ 2.75, அதாவது சுமார் 0.095. கட்டத்தின் தலைப்பில் ஒரு சிறு நட்சத்திரக் குறி மட்டுமே இந்த வேறுபாட்டைக் காட்டும். அதைக் கவனிக்காமல் விடுவது இரண்டாவது தவறு.

மாறுநிலைச் சரிவுக்கு, துளைநீர் அழுத்தத்தை அளந்துகொண்டே செய்யும் நீர்வடியா ட்ரையாக்சியல் சோதனை வேண்டும். 38 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளையை ரப்பர் உறையில் இட்டு, உள்ளிருக்கும் காற்று கரையும்வரை பின்னழுத்தம் கொடுத்து, ஸ்கெம்டனின் பி கெழு (கூட்டிய சுற்றழுத்தத்தில் துளைநீர் அழுத்தமாக ஏறும் பங்கு) 0.95ஐ எட்டிய பிறகே இறுகல் கட்டத்துக்குப் போக வேண்டும். அதன்பின் துளைநீர் அழுத்தம் உருளை முழுவதும் சமமாகப் பரவ நேரம் கிடைக்கும் அளவுக்கு மெல்ல அமுக்க வேண்டும். வேலையை விரைவாக முடிக்க வேகத்தைக் கூட்டினால், அடியில் உள்ள அளவி காட்டும் துளைநீர் அழுத்தம் நடுவில் உள்ளதாக இருக்காது; உராய்வுக் கோணமும் பிழையாகிவிடும். கோணம் 24 பாகை என்று கிடைத்தால் அதன் சைன் 0.407, அமுக்கச் சோதனைக்கு எம் என்பது 6 × 0.407 ÷ (3 − 0.407), அதாவது 0.94.

தொடக்கத் தகைவு

முதல் அடி தோண்டுவதற்கு முன்னரே மண்ணுக்குள் தகைவு இருக்கிறது என்பதை மாதிரிக்குச் சொல்ல வேண்டும். மண்ணின் எடை கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டன் என்றால் 10 மீட்டரில் மொத்தத் தகைவு 160, நீரழுத்தம் 98, எனவே செங்குத்துப் பயனுறு தகைவு 62 கிலோபாஸ்கல். பக்கவாட்டு விகிதத்துக்கு யாக்கி 1944இல் தந்த எளிய வாய்பாடு போதும்: ஒன்றிலிருந்து உராய்வுக் கோணத்தின் சைனைக் கழித்தால் 0.593, பக்கவாட்டுத் தகைவு சுமார் 37. மூன்று திசைகளின் சராசரி 45. செங்குத்துக்கும் பக்கவாட்டுக்கும் உள்ள வேறுபாடு 25. இந்தப் புள்ளியின் வழியே செல்லும் நீள்வட்டம் சராசரித் தகைவு அச்சை 61 கிலோபாஸ்கலில் வெட்டும். முன்னிறுக்க அழுத்தத்துக்கு ஓடோமீட்டரில் கிடைத்த செங்குத்துத் தகைவை நேரடியாக இட வேண்டுமா, நீள்வட்டத்தின் அளவை இட வேண்டுமா என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். கையேட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரே ஓர் எலிமென்டில் சோதனை

இப்போது முக்கியமான கட்டம். எல்லா மென்பொருள்களிலும் ஒரே ஓர் எலிமென்டை அமைத்து ட்ரையாக்சியல் சோதனையை நடத்த முடியும். சிலவற்றில் அதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. அதில் ஒரே மண்ணை இரண்டு மாதிரிகளில் சோதித்துப் பார்ப்போம். எல்லாப் பக்கமும் 100 கிலோபாஸ்கலில் இறுகிய, இதற்கு முன் அதிக அழுத்தம் காணாத களிமண். அமுக்கும்போது நீர் வடியாது.

பயனுறு உராய்வுக் கோணம் 24, பிணைப்பு வலிமை பூச்சியம் என்று கொடுத்த மோர்-கூலோம் மாதிரியில், உடையும்வரை மண் மீட்சிப் பொருள். கன அளவு மாறக் கூடாது. மீட்சிப் பொருளில் கன அளவு மாறாவிட்டால் சராசரிப் பயனுறு தகைவும் மாறாது. எனவே, சராசரித் தகைவைக் கிடையச்சிலும் செங்குத்து, பக்கவாட்டுத் தகைவுகளின் வேறுபாட்டை நெடுக்கச்சிலும் வைத்து வரைந்தால், தகைவுப் பாதை 100இலிருந்து நேராக மேலே ஏறி, உடையும் கோட்டை 94இல் தொடுகிறது. சறுக்கு வலிமை அதில் பாதி, 47 கிலோபாஸ்கல்.

திருத்திய கேம் களிமண் மாதிரியில் அதே மண் முதல் அசைவிலேயே நீள்வட்டத்தின் மேல் இருக்கிறது. சுருங்க முயல்கிறது, முடியவில்லை, துளைநீர் அழுத்தம் ஏறுகிறது, சராசரிப் பயனுறு தகைவு குறைந்துகொண்டே வருகிறது. தகைவுப் பாதை இடப்பக்கம் வளைந்து, சராசரித் தகைவு சுமார் 55ஆகக் குறைந்த இடத்தில் மாறுநிலைக் கோட்டைத் தொடுகிறது. கணக்கு இதுதான்: காப்பாவை லாம்டாவால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.865, 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 100ஐ வகுத்தால் 55, அதை எம்மால் பெருக்கிப் பாதியாக்கினால் 26 கிலோபாஸ்கல்.

இரண்டிலும் உராய்வுக் கோணம் ஒன்றே. ஒன்று 47 என்கிறது, மற்றது 26 என்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த உருளையை அமுக்கியபோது வந்த தகைவுப் பாதையை அதே வரைபடத்தில் இடுங்கள். மென்களிமண்ணாக இருந்தால் அது இடப்பக்கம் வளைவதையே காண்பீர்கள்.

10 மீட்டர் ஆழத்துத் தொடக்கத் தகைவிலிருந்து இதே கணக்கைச் செய்தால் மோர்-கூலோம் 21 கிலோபாஸ்கலும், திருத்திய கேம் களிமண் 15 கிலோபாஸ்கலும் தருகின்றன. பின்னதைச் செங்குத்துப் பயனுறு தகைவால் வகுத்தால் 0.24, முன்னதற்கு அது 0.34. முன்னிறுக்கம் இல்லாத மென்களிமண்களில் வேன் சோதனைகள் (மண்ணுக்குள் இறக்கைத் தகடுகளை இறக்கித் திருப்பி வலிமையை அளப்பவை) பொதுவாக 0.22ஐ ஒட்டியே காட்டுகின்றன. களத்தில் செய்த வேன் சோதனையின் எண் உங்கள் கையில் இருந்தால் எந்த மாதிரி மண்ணைச் சொல்கிறது என்பதில் ஐயமே இருக்காது.

சிங்கப்பூரில் நிகால் நெடுஞ்சாலையை ஒட்டி, வட்டப்பாதை மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளம் 2004 ஏப்ரல் 20 அன்று இடிந்து விழுந்து நான்கு பேர் உயிரிழந்தனர். கடல்சார் மென்களிமண், சுமார் 30 மீட்டர் ஆழம், டயஃப்ரம் சுவர்களுக்கு (தோண்டும் முன்பே மண்ணுக்குள் வார்த்த கான்கிரீட் சுவர்கள்) நடுவே பல வரிசை எஃகு ஸ்ட்ரட்டுகள் (குறுக்கே முட்டுக்கொடுக்கும் உத்திரங்கள்). ஒன்பதாம் வரிசை ஸ்ட்ரட்டுகள், சுவரை ஒட்டி நீளவாக்கில் ஓடும் வேலர் உத்திரத்தோடு சேரும் இணைப்பு வலுக்குறைவாக வடிவமைக்கப்பட்டிருந்தது. அது இடிவின் உடனடிக் காரணம். அந்த இணைப்புக்கு வந்த சுமையையும் சுவரின் அசைவையும் குறைத்துக் காட்டியதில், மேலே நாம் கண்ட அதே மாதிரித் தேர்வுக்கும் பங்கு இருந்தது என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. நீர்வடியா நிலையில் பயனுறு தகைவு எண்களைக் கொடுத்து மோர்-கூலோம் மாதிரியை ஓட்டியிருந்தார்கள். களிமண்ணின் நீர்வடியா வலிமை உள்ளதைவிட அதிகமாகக் கிடைத்தது. ஒற்றை எலிமென்ட் சோதனை அந்த மிகையை ஒரே வரைபடத்தில் காட்டியிருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மோர்-கூலோம் மாதிரியையே பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால், உராய்வுக் கோணத்தைப் பூச்சியமாக்கி, களத்தில் அளந்த நீர்வடியா வலிமையை ஆழத்தோடு கூடிச் செல்லும் பிணைப்பு வலிமையாக நேரடியாகக் கொடுங்கள். அப்போது மாதிரி வலிமையைத் தானே கண்டுபிடிக்காது. நீங்கள் சொன்னதை மீறவும் முடியாது. துளைநீர் அழுத்தத்தைச் சரியாகச் சொல்லாது என்பதால், பின்னால் இறுகல் கணக்கு மட்டும் செய்ய இயலாது.

திருத்திய கேம் களிமண்ணுக்கும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சுவருக்குப் பின்னால் உள்ள மண் செங்குத்தாக அமுங்குகிறது. பள்ளத்தின் அடித்தரையில் உள்ள மண்ணோ மேலிருந்த சுமை போய்ப் பக்கவாட்டில் நெருக்கப்பட்டுச் செங்குத்தாக நீள்கிறது. 24 பாகைக்கு நீட்சியில் எம் 0.72ஆக இருக்க வேண்டும். ஆனால் இந்த மாதிரியின் அடிப்படை வடிவத்தில் எம் எல்லாத் திசையிலும் 0.94தான். 0.94 என்ற எம்மை நீட்சிக்குத் திருப்பிக் கணக்கிட்டால் வரும் உராய்வுக் கோணம் 34 பாகை. சுவரின் காலைத் தாங்க வேண்டிய மண்ணுக்கு, நாம் கேட்காமலே மாதிரி பத்துப் பாகை கூடுதலாகக் கொடுத்துவிடுகிறது! ஒற்றை எலிமென்டில் நீட்சிச் சோதனையையும் நடத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும். திசைக்கேற்ப எம் மாறும் வடிவம் மென்பொருளில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அடித்தரையின் உறுதியைத் தனியே கைக்கணக்கில் சரிபாருங்கள்.

களம் வேறு சொல்லும்போது

வலைப்பின்னலும், எல்லைகளைத் தள்ளி வைப்பதும், தோண்டும் கட்டங்களை உண்மையான வரிசையில் கொடுப்பதும் மென்பொருள் கையேடுகளில் நன்றாகவே இருக்கின்றன. கட்டங்களைப் பற்றி ஒன்று மட்டும்: ஸ்ட்ரட்டைப் பொருத்துவதற்கு முன் களத்தில் எவ்வளவு ஆழம் கூடுதலாகத் தோண்டுவார்கள் என்று தளப் பொறியாளரைக் கேட்டு அந்த ஆழத்தையே இடுங்கள். வரைபடத்தில் அரை மீட்டர் என்று இருக்கும். பொக்லைன் உள்ளே திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் வேண்டியிருக்கும்.

வேலை தொடங்கியபின் சுவரில் பதித்து அதன் அசைவை அளக்கும் இன்க்ளினோமீட்டரும் மண்ணில் பதித்துத் துளைநீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டரும் எண்களை அனுப்பத் தொடங்கும். அவை கணக்கோடு ஒத்துப்போகாதபோது செய்யும் மறுகணக்கீட்டில்தான் பொறியாளரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. நிகால் நெடுஞ்சாலையில் அசைவுகள் எதிர்பார்த்ததை மீறியபோது, மறுகணக்கீடு செய்து எச்சரிக்கை அளவுகளை உயர்த்திக்கொண்டு வேலை தொடர்ந்தது. மறுகணக்கீட்டில் எந்த எண்ணையும் மாற்றி எந்த வளைவையும் பொருத்திவிடலாம். எனவே மாற்றுவதற்கு முன்பே விதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே எண்ணை மட்டும் மாற்றுங்கள். முதலில் விறைப்பை, பிறகு தொடக்கப் பக்கவாட்டுத் தகைவை, கடைசியாக வலிமையை. ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடச் சோதனைகளில் கிடைத்த மிகக் குறைந்த, மிக உயர்ந்த மதிப்புகளுக்குள் மட்டுமே நகர்த்துங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒற்றை எலிமென்டுக்குத் திரும்பிப் போய், மாற்றிய எண்கள் இன்னும் அந்த ட்ரையாக்சியல் உருளையின் தகைவுப் பாதையைத் தருகின்றனவா என்று பாருங்கள். சுவரின் அசைவோடு துளைநீர் அழுத்தமும் பொருந்த வேண்டும்; ஒன்று பொருந்தி மற்றது விலகினால் அந்தப் பொருத்தம் செல்லாது. அந்த எல்லைகளுக்குள் எந்த மதிப்பும் களத்தின் அளவீட்டைத் தரவில்லை என்றால், மாதிரி கணக்கில் கொள்ளாத ஏதோ ஒன்று பள்ளத்தில் நடந்துகொண்டிருக்கிறது. தோண்டுவதை அன்றே நிறுத்திவிட்டு, ஸ்ட்ரட்டுகளின் சுமையையும் இணைப்புகளையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.